யாழில் அடங்காத பாட்டு, தூரிகையில் அடங்காத ஆட்டம்: லார்ட்ஸில் சச்சின் ஓவியம்



எங்கள் ஊர் தருமபுரம் என்று சொன்னால் பாதிப் பேர் "ஓ, ஆதீனம் இருக்கிற ஊரா?" என்பார்கள். அது மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கும் தருமபுரம். மீதிப் பேர் "தர்மபுரி மாவட்டமா?" என்பார்கள். அதுவும் இல்லை :-) நான் சொல்வது காரைக்காலை ஒட்டி இருக்கும் தருமபுரம். சுற்றிலும் தமிழ்நாடு, நடுவில் புதுச்சேரிக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலம். 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த பகுதி.

கிரிக்கெட் வீரரின் ஓவியத்தைப் பற்றி எழுத வந்தவன் ஊர்க்கதை பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

வகுப்பில் ஆளுக்கு ஒரு ஓவியத்தை எடுத்துக்கொண்டு அதன் வரலாற்றை எழுதச் சொன்னார்கள். ஒருவன் ரவி வர்மா என்றான். ஒருத்தி சித்தன்னவாசல் என்றாள். தஞ்சைப் பெரிய கோயில் சோழர் ஓவியத்துக்கு ரெண்டு பேர் சண்டை போட்டார்கள். நான் "லார்ட்ஸ் மைதானத்தில் இருக்கும் சச்சின் டெண்டுல்கர் ஆயில் பெயின்டிங்" என்றேன். வகுப்பே சிரித்தது. "டேய், அது போஸ்டர்டா. வரலாறா அது?" என்றான் பின் பெஞ்ச் நண்பன்.

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்குப் பதில். கொஞ்சம் நீளம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் ஊர்க்கதை

தருமபுரத்தில் இருப்பது யாழ்மூரிநாதர் கோயில். தேவாரப் பாடல் பெற்ற தலம். பெயரிலேயே கதை இருக்கிறது.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் ஊர் ஊராகப் பாடிப் போனபோது கூடவே யாழ் வாசித்துக்கொண்டு போனவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். சம்பந்தர் பாடுவார், பாணர் அதை அப்படியே யாழில் எடுப்பார். தருமபுரம் பாணரின் தாயார் பிறந்த ஊர். இங்கே வந்தபோது சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பிள்ளையின் பாட்டு இவ்வளவு புகழ் பெறுவதே நீ வாசிக்கிற யாழால்தான்" என்றார்கள். (நம்ம சொந்தக்காரர்கள் அன்றைக்கும் இப்படித்தான் போல!) பாணருக்கு மனம் பொறுக்கவில்லை. யாழில் வாசிக்கவே முடியாத ஒரு பதிகத்தைப் பாடி இவர்களுக்குப் புரியவையுங்கள் என்று சம்பந்தரிடமே கேட்டுக்கொண்டார். சம்பந்தர் பாடினார். பாணர் வாசித்துப் பார்த்தார், யாழில் அது அடங்கவில்லை. இந்தக் கருவியைத் தொட்டதால்தானே இந்தப் பேச்சு என்று யாழை உடைக்கவே ஓங்கிவிட்டார். சம்பந்தர் கையைப் பிடித்துத் தடுத்து, யாழை வாங்கித் திருப்பிக் கொடுத்தார். பெரியபுராணம் சொல்லும் கதை இது. அந்தப் பதிகத்துக்கு யாழ்மூரி என்றே பெயர்.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது பாட்டு ஜெயித்தது, யாழ் தோற்றது என்றுதான் நினைத்தேன். கதையின் கடைசியில் சம்பந்தர் பாணரிடம் சொன்னது ஒன்று உண்டு. அதை இந்தக் கட்டுரையின் கடைசிக்கு வைத்திருக்கிறேன். சரி, இப்போது லண்டன் போவோம்.

2025 ஜூலை 10

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் மூன்றாவது டெஸ்ட் லார்ட்ஸில் தொடங்கிய நாள். ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அங்கே ஒரு மணி அடிப்பார்கள். அன்று அடித்தவர் சச்சின். அதே நாளில் அங்குள்ள எம்.சி.சி. மியூசியத்தில் அவருடைய ஓவியம் திறந்துவைக்கப்பட்டது. அந்த ஆண்டின் பிற்பகுதி வரை மியூசியத்தில் இருக்கும், பிறகு பெவிலியனுக்குப் போகும் என்று அறிவித்தார்கள்.

வரைந்தவர் ஸ்டூவர்ட் பியர்சன் ரைட். 1975-ல் பிறந்த ஆங்கிலேய ஓவியர். 2001-ல் பி.பி. போர்ட்ரெய்ட் விருது வாங்கியவர். ஆளை அழகாகக் காட்டி நல்ல பெயர் வாங்கும் ரகம் இல்லை. இளவரசர் பிலிப்பை வரைந்தபோது சட்டை இல்லாத உடம்பு, தோளில் ஒரு ஈ, விரலில் முளைத்த கீரைச் செடி என்று வரைந்துவைத்தார். இளவரசருக்குப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா! கபில் தேவ், பிஷன் சிங் பேடி, திலீப் வெங்சர்க்கார் மூவரையும் எம்.சி.சி.க்காக வரைந்தவரும் இவரே.

சச்சின் ஓவியத்தில் என்ன இருக்கிறது? தலையும் தோளும் மட்டும், ஆளைவிடப் பெரிய அளவில். பேட் தூக்கி வானத்தைப் பார்க்கும் அந்தப் புகழ்பெற்ற போஸ் கிடையாது. ஸ்ட்ரெய்ட் டிரைவ் கிடையாது. மைதானமே கிடையாது. பின்னால் இருப்பது தேய்த்த உலோகத்தின் சாம்பல் ஒளி, அவ்வளவுதான்.

கேன்வாஸ் துணியில் வரையாமல், சொரசொரப்பாகத் தேய்த்த அலுமினியத் தகட்டின் மேல் எண்ணெய் வண்ணத்தால் வரைந்திருக்கிறார். தகட்டை ஏன் தேய்க்க வேண்டும்? வழவழ உலோகத்தில் வண்ணம் பிடிக்காது, தேய்த்தால் பிடிக்கும். உலோகத்தில் எண்ணெய் ஓவியம் வரைவது புதுசும் இல்லை. பதினாறாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் செப்புத் தகட்டில் வரைந்தார்கள். துணி ஈரத்தில் தளர்ந்து காய்ச்சலில் இறுகும், அப்போது மேலே இருக்கும் வண்ணம் வெடிக்கும். தகட்டுக்கு அந்த வம்பு குறைவு. கடற்கரையில் வாழும் நமக்கு ஈரக்காற்று என்ன செய்யும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு செய்திதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இந்த ஓவியம் 2025-ல் இருந்த சச்சின் முகம் இல்லை. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஓவியரே மும்பையில் சச்சின் வீட்டுக்குப் போய் எடுத்த புகைப்படத்தை வைத்து வரைந்தது. முதலில் வேறு மாதிரி அமைப்பு யோசித்திருந்து, கடைசியில் எல்லாவற்றையும் கழித்துவிட்டு முகத்தில் வந்து நின்றிருக்கிறார். ஒரு காலம், ஒரு இடம் என்று கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே பின்னணியை வெறுமையாக விட்டாராம்.

ஆனால் கணக்குப் போட்டால் 2007 வாக்கில் வருகிறது. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு 2007 என்றால் என்ன என்று தெரியும். வெஸ்ட் இண்டீஸ் உலகக்கோப்பையில் இந்தியா முதல் சுற்றிலேயே வெளியே வந்த ஆண்டு. சச்சின் ஓய்வு பெற வேண்டும் என்று பத்திரிகையில் எழுதிய ஆண்டு. உலகக்கோப்பையைக் கையில் ஏந்த இன்னும் நான்கு வருஷம் இருந்தது. சதத்தில் சதம் அடிக்க இன்னும் ஐந்து வருஷம். ஆக, சுவரில் இருப்பது எல்லாம் சாதித்து முடித்தவரின் முகம் இல்லை. நடுவழியில் நிற்பவரின் முகம்.

பலகையில் இல்லாத பெயர்

லார்ட்ஸ் பெவிலியன் டிரஸ்ஸிங் ரூமில் ஹானர்ஸ் போர்டு என்று ஒன்று உண்டு. அங்கே நடக்கும் டெஸ்டில் செஞ்சுரி அடித்தால், ஒரு இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தால், அல்லது ஒரு மேட்சில் பத்து விக்கெட் எடுத்தால் பெயர் ஏறும்.

இந்தியா தன் முதல் டெஸ்டை ஆடியதே லார்ட்ஸில்தான். 1932 ஜூன் 25, கேப்டன் சி.கே. நாயுடு. அந்த மேட்சிலேயே முகமது நிசார் ஐந்து விக்கெட் எடுத்தார். 1952-ல் வினூ மன்கட் 184 ரன் அடித்து, ஐந்து விக்கெட்டும் எடுத்தார். வெங்சர்க்கார் 1979, 1982, 1986 என்று மூன்று முறை செஞ்சுரி.

சச்சின்?

அங்கே ஐந்து டெஸ்ட் ஆடினார். 1990-ல் 10, 27. 1996-ல் 31. 2002-ல் 16, 12. 2007-ல் 37, 16. 2011-ல் 34, 12. கூட்டினால் ஒன்பது இன்னிங்ஸில் 195 ரன். அதிகபட்சம் 37. 200 டெஸ்டில் 15,921 ரன், 51 செஞ்சுரி அடித்த மனுஷனுக்கு லார்ட்ஸில் ஒரு ஐம்பது கூட இல்லை! 2011-ல் அங்கே நடந்தது டெஸ்ட் வரலாற்றின் 2000-வது மேட்ச். சச்சின் 99 சர்வதேச சதத்தோடு வந்திருந்தார். நூறாவது இங்கேதான் என்று உலகமே எதிர்பார்த்தது. வரவில்லை. 2012 மார்ச் 16 அன்று மிர்பூரில் வந்தது.

பௌலரான அஜித் அகார்கர் 2002-ல் லார்ட்ஸில் 109 நாட் அவுட் அடித்துப் பலகையில் ஏறிவிட்டார். சச்சின் பெயர் இல்லை. 1998-ல் இளவரசி டயானா நினைவு மேட்சில் சச்சின் அங்கே 125 அடித்திருக்கிறார். ஆனால் அது டெஸ்ட் இல்லை, பலகைக்குச் சேராது. அவர் மட்டும் இல்லை, கவாஸ்கர், லாரா, பாண்டிங், இவர்கள் யாருக்கும் லார்ட்ஸில் டெஸ்ட் செஞ்சுரி கிடையாது.

2025 மேட்சைப் பாருங்கள். முதல் இன்னிங்ஸில் பும்ரா ஐந்து விக்கெட் எடுத்தார். கே.எல். ராகுல் சரியாக 100 அடித்தார். இருவர் பெயரும் பலகைக்குப் போயின. அதே மேட்சின் முதல் நாளில், பலகையில் என்றைக்குமே இடம்பெற முடியாத ஒருவரின் முகம் சுவருக்குப் போனது.

இங்கேதான் என் கேள்வி தொடங்குகிறது. எண்ணால் தர முடியாத எதை ஒரு ஓவியம் தருகிறது?

ஓவியன் ஓட்டத்தை வரைந்த காலம்

இப்போது கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பாரிஸ் லூவ்ர் மியூசியத்தில் ஜெரிக்கோ வரைந்த 1821 எப்சம் குதிரைப் பந்தய ஓவியம் இருக்கிறது. குதிரைகள் நான்கு காலையும் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு காற்றில் பறக்கும். பார்த்தால் அப்படி ஒரு வேகம்! ஆனால் தப்பு. 1878-ல் கலிஃபோர்னியாவில் மைப்ரிட்ஜ் என்பவர் வரிசையாகக் காமிராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படம் எடுத்தார். நான்கு காலும் தரையை விட்டுக் கிளம்புவது உண்மைதான். ஆனால் அந்த நொடியில் கால்கள் நீண்டிருக்கவில்லை, வயிற்றுக்கு அடியில் மடங்கிக் கிடந்தன. எத்தனையோ காலமாக ஓவியர்கள் வரைந்துவந்த ஓட்டம் கண்ணை ஏமாற்றிய ஓட்டம் என்று அன்று தெரிந்தது.

இனி விளையாட்டை வரைய ஓவியன் எதற்கு?

லார்ட்ஸ் சுவரிலேயே இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். டபிள்யூ.ஜி. கிரேஸ், அந்தக் காலத்து சச்சின் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவரை ஆர்ச்சிபால்ட் ஸ்டூவர்ட் வார்ட்லி 1890-ல் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். முழு உருவம். தாடி, சிவப்பும் மஞ்சளும் கோடு போட்ட எம்.சி.சி. தொப்பி, தூக்கிய பேட், இடது கால் நுனியும் மேலே எழும்பியிருக்கும். பந்து வரப்போகிறது என்று நமக்கே தோன்றும். பின்னால் மைதானம். கிரேஸ் எப்படி நின்று ஆடினார் என்று பிற்காலத்துக்குச் சொல்லும் வேலை ஓவியத்துக்கு இருந்தது. நடு மைதானத்தில் இருக்கும் ஆளைக் கிட்டப் பார்ப்பது போலக் காட்ட அன்றைய காமிராவால் எளிதில் முடியாது. வண்ணம் கிடையவே கிடையாது.

பதினைந்தே வருஷம். 1905-ல் ஜி.டபிள்யூ. பெல்டாம், சி.பி. ஃப்ரையோடு சேர்ந்து பேட்ஸ்மேன்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார். உள்ளே 600 ஆக்ஷன் புகைப்படங்கள். பெல்டாம் எடுத்ததில், கிரீஸை விட்டுத் தாவி வரும் விக்டர் டிரம்பரின் படம் இன்றைக்கும் கிரிக்கெட்டின் புகழ்பெற்ற புகைப்படம். ஓவியனின் கையில் இருந்த வேலை காமிராவுக்குப் போய்விட்டது. பிறகு சினிமா, டிவி, ஸ்லோ மோஷன்... இன்று ஒரு ஷாட்டை எட்டுக் கோணத்தில் பார்க்கிறோம்.

சுவாரஸ்யமான விஷயம் ஒன்று. இதே காலத்தில் விளையாட்டை வரைவதே ஒரு ஒலிம்பிக் போட்டியாக இருந்தது, நம்புவீர்களா? 1912 முதல் 1948 வரை ஒலிம்பிக்கில் கலைக்கும் பதக்கம் கொடுத்தார்கள், படைப்பு விளையாட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும். சுதந்திர அயர்லாந்து வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கமே ஓவியத்துக்குத்தான். 1924 பாரிஸில் ஜாக் பட்லர் யேட்ஸ், டப்ளின் லிஃபி ஆற்றில் நடக்கும் நீச்சல் போட்டியை வரைந்து வெள்ளி வாங்கினார். அதில் நீந்துபவர்கள் ஒரு பக்கம் என்றால் கரையில் எட்டிப் பார்க்கும் கூட்டம் இன்னொரு பக்கம். ஓட்டத்தைக் காமிராவிடம் விட்டுவிட்டு, பார்க்கிறவர்களின் பரபரப்பைப் பிடித்தார்.

இதை அவருக்கும் முன்பே ஒருவர் கண்டுகொண்டிருந்தார். அமெரிக்க ஓவியர் தாமஸ் ஈகின்ஸ். அவருடைய பள்ளி நண்பர் மேக்ஸ் ஷ்மிட் 1870 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியா ஷூல்கில் ஆற்றில் படகுப் போட்டியில் ஜெயித்தார். ஈகின்ஸ் 1871-ல் அவரை வரைந்தார். ஆனால் ஜெயித்த நொடியை வரையவில்லை! ஷ்மிட் துடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டு ஓய்வாக உட்கார்ந்து நம்மைத் திரும்பிப் பார்க்கிறார். ஆறு அசையாமல் கிடக்கிறது. கொஞ்சம் தள்ளி இன்னொரு படகில் துடுப்புப் போடுபவர் ஈகின்ஸே. தன் பெயரையும் அந்தப் படகிலேயே எழுதிவைத்தார். சாம்பியன் என்றால் ஜெயிக்கிற நொடி மட்டும்தானா? மற்ற நேரத்தில் அவன் யார்? இதைத்தான் ஈகின்ஸ் கேட்டார் என்று நினைக்கிறேன். (இவரே பின்னால் மைப்ரிட்ஜோடு சேர்ந்து காமிரா ஆராய்ச்சி செய்தவர் என்பது தனிக்கதை.)

1890 கிரேஸையும் 2025 சச்சினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் உடம்பு, பேட், மைதானம், எல்லாம். இன்னொன்றில் முகம் மட்டும். நடுவில் நடந்ததுதான் வரலாறு. ஓவியம் ஆட்டத்தைக் காமிராவிடம் இழந்தது. இழந்த பிறகு அதற்கு மிஞ்சியது முகம்.

காமிராவிலும் முகம் வருமே?

வரும். மறுக்கவில்லை. 1999 ஜனவரி 31, சென்னை சேப்பாக்கம். பாகிஸ்தானுக்கு எதிராக 271 அடிக்க வேண்டும். சச்சின் முதுகு வலியோடு 136 அடித்து அவுட் ஆனார். அதற்குப் பிறகு மளமளவென்று விக்கெட் விழுந்து 258-ல் முடிந்தது, 12 ரன்னில் தோல்வி. ஆட்ட நாயகன் விருது வாங்கக்கூட சச்சின் வெளியே வரவில்லை. ஜெயித்த பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடியபோது நம் சென்னை மக்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்த மேட்சின் வீடியோ இருக்கிறது. வலியில் சுளித்த முகம் இருக்கிறது.

ஆனால் காமிரா ஒரு நொடியைத்தான் பிடிக்கும். அடுத்த நொடிக்கு வேறு முகம். எண்ணெய் வண்ணம் மெதுவானது. ஆளி விதை எண்ணெயில் குழைத்த வண்ணம் தண்ணீர் போல ஆவியாகிக் காயாது. காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும். அதற்கு நாள் கணக்கில் ஆகும். அதுவரை ஓவியர் அழிக்கலாம், மாற்றலாம், மேலே இன்னொரு பூச்சுப் பூசலாம். ஒரு கன்னத்தை இன்று ஒரு விதமாகவும் நாளை ஒரு விதமாகவும் பார்த்து, இரண்டையும் அங்கேயே விட்டுவைக்கலாம். அதனால்தான் நல்ல ஆயில் போர்ட்ரெய்ட்டில் "இது சிரிப்பா, சோர்வா" என்று நமக்கே குழம்பும். பல நாள் பார்வை ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருக்கிறது.

இதைப் படிக்கும்போது எனக்கு எங்கள் பெரியப்பா ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் வாலிபால் நன்றாக ஆடியவர். வீட்டு அலமாரியில் ஒரு கப் இருக்கிறது, எழுத்து தேய்ந்துவிட்டது. ஒரு குரூப் போட்டோ இருக்கிறது. இரண்டாவது வரிசையில் நிற்பவர் அவர்தான் என்று பெரியம்மா சொல்வதால்தான் தெரியும், முகம் மங்கிவிட்டது. என்ன ஜெயித்தார் என்பது கூட யாருக்காவது நினைவு இருக்கும். நெட்டுக்கு முன் நிற்கும்போது அவர் எப்படி இருந்தார் என்று கேட்டால் பெரியம்மாவால் சொல்ல முடியவில்லை. "ரொம்ப சாதுப்பா, ஆனா அங்க போனா வேற ஆளு" என்பார். அவ்வளவுதான் மிச்சம்.

நம் பக்கத்தில் ஆயில் பெயின்டிங் என்றால் ஜமீன்தார், தலைவர், வள்ளல். மண்டபச் சுவரில் மாலையோடு இருப்பார்கள். விளையாட்டு வீரனுக்குக் கிடைப்பது ஃப்ளெக்ஸ் பேனர். ஜெயித்த வாரம் கட்டுவோம், மழை வந்தால் கிழியும், கிழிந்தது கூரைக்கோ வண்டி மூடவோ போகும். யாரையும் குறை சொல்லவில்லை, நானும் கட்டியவன்தான் :-)

யாருடைய சுவர்?

இந்தச் சுவரின் பழைய கணக்கையும் சொல்லாமல் விட்டால் இது வரலாற்றுக் கட்டுரை ஆகாது.

எம்.சி.சி. 1787-ல் தொடங்கிய கிளப். விக்டோரியா காலத்திலிருந்தே ஓவியம் சேர்க்கிறார்கள். இரண்டு உலகப் போர்களில் இறந்த வீரர்களின் நினைவாக 1953-ல் மியூசியம் திறந்தார்கள். அவர்களிடம் சுமார் 3,000 படங்கள் இருக்கின்றன, அதில் கிட்டத்தட்ட 300 உருவப்படங்கள். தொடர்ச்சியாக வீரர்களை வரையச் சொல்லும் இன்றைய திட்டத்துக்கு வயது முப்பதுதான்.

அதற்கு முன் அந்த வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 1896-ல் ஆஸ்திரேலியா வந்தபோது ரஞ்சித்சின்ஜி ரன் மழை பொழிந்துகொண்டிருந்தார். அப்போது எந்த மைதானத்தில் டெஸ்டோ அந்த மைதானத்துக்காரர்களே அணியைத் தேர்ந்தெடுப்பார்கள். லார்ட்ஸ் டெஸ்டுக்கு எம்.சி.சி. அவரை எடுக்கவில்லை. அடுத்த டெஸ்ட் மான்செஸ்டரில், அங்கே எடுத்தார்கள். 62, பிறகு 154 நாட் அவுட்! பெண்களை உறுப்பினர்களாகச் சேர்ப்பதற்கு எம்.சி.சி. 1998 வரை எடுத்துக்கொண்டது. 1990-ல் கவாஸ்கர் அவர்கள் கொடுத்த உறுப்பினர் பதவியையே வேண்டாம் என்றார், வாசல் காவலர்கள் தன்னை நடத்திய விதம் பிடிக்காமல்.

ஆக, அந்த இடத்தில் ஒரு மும்பைப் பையனின் முகம், அதுவும் ஆளைவிடப் பெரிதாக இருக்கிறது என்பது சும்மா அலங்காரம் இல்லை. 1896-ல் அணியில் இடம் கிடைக்காத நாட்டுக்காரன், லார்ட்ஸில் 37-க்கு மேல் அடிக்காமலே சுவருக்குப் போயிருக்கிறான். எம்.சி.சி.யின் கண்ணே மாறியிருக்கிறது. பலகைக்கு ஒரு விதி உண்டு, 99 அடித்தாலும் ஏற்றாது. ஓவியத்துக்கு அப்படி விதி இல்லை. யாரை வரைய வேண்டும் என்பதை ஒரு காலம் தீர்மானிக்கிறது. அதனால்தான் அந்தக் காலத்தைப் பற்றி நமக்கு அது சொல்கிறது. இது வரலாறு இல்லை என்றால் வேறு எது வரலாறு? (பின் பெஞ்ச் நண்பா, கேட்கிறதா?)

மீண்டும் தருமபுரம்

சச்சினின் ஆட்டம் அந்தத் தகட்டில் இருக்கிறதா? இல்லை. ஷார்ஜா இல்லை, சேப்பாக்கம் இல்லை, 1990-ல் லார்ட்ஸில் பதினேழு வயதுப் பையனாக ஓடிப்போய் ஆலன் லாம்பை ஒற்றைக் கையில் பிடித்த அந்த கேட்ச் கூட இல்லை. எதுவும் அடங்கவில்லை. ஓவியருக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன். அதனால்தான் பேட்டையும் மைதானத்தையும் எடுத்துவிட்டு, தூரிகைக்கு எது வருமோ அதை மட்டும் வைத்துக்கொண்டார்.

சம்பந்தர் பாணரிடம் சொன்னதும் இதுதான். யாழைத் திருப்பிக் கொடுத்து, இந்தக் கருவியில் எவ்வளவு வருமோ அவ்வளவு வாசியுங்கள், அதற்காக இதை உடைக்க வேண்டாம் என்றார். பாணர் வாங்கிக்கொண்டார். கடைசி வரை சம்பந்தர் கூடவே வாசித்தபடி போனார் என்கிறது பெரியபுராணம்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பெரியப்பாவின் அந்த குரூப் போட்டோவை ஸ்கேன் செய்து, எங்கள் வகுப்பில் நன்றாக வரையும் நண்பனிடம் கொடுக்கப் போகிறேன். முகம் சரியாகத் தெரியாதே என்றான். தெரிகிற வரைக்கும் வரைடா, மீதியைப் பெரியம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டுக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மங்கின போட்டோ இருந்தால் அதில் இருப்பவர் யார் என்று இன்றைக்கே கேட்டு எழுதிவையுங்கள்.